412 குறிப்புகள், ஒரே பக்கம்: டேக் வைத்து வடிகட்ட எவ்வளவு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும்?

#1 · தூக்கணாங்குருவி

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாகப் பறவை பார்த்து எழுதி வந்த குறிப்புகளை ஒரே வலைப்பக்கத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்றைய கணக்கில் 412 குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து டேக், அதாவது குறிச்சொல், உண்டு: நீர்நிலை, புல்வெளி, வலசை, கூடு, இரவு, மீன், பூச்சி, கொக்கு, ஆந்தை என்று போகும். பின்னால் டேட்டாபேஸ் எதுவும் கிடையாது. கையால் எழுதிய எச்டிஎம்எல் கோப்பு ஒன்று, அவ்வளவுதான்.

மேலே டேக் பட்டன்கள் வரிசையாக இருக்க வேண்டும். "நீர்நிலை"யை அழுத்தினால் அந்தக் குறிப்புகள் மட்டும் நிற்க வேண்டும். கூடவே "வலசை"யையும் அழுத்தினால் இரண்டும் உள்ளவை மட்டும் நிற்க வேண்டும். இதுதான் தேவை.

முதலில் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தையும் அதன்மேல் ஒரு ஃபில்டர் பிளகினையும் போட்டுப் பார்த்தேன். வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் எல்லாக் கட்டங்களையும் நகர்த்தி, மங்க வைத்து, மறுபடி அடுக்குகிறது. என் பழைய போன் திணறிப்போகிறது. மறைப்பதும் காட்டுவதும் தவிர எனக்கு வேறெதுவும் வேண்டாம். இதை நானே எழுதிவிட முடியுமா? ஜாவாஸ்கிரிப்ட் படித்தால் புரியும், எழுதிப் பழக்கம் குறைவு.

#2 · சாதாநிரல்

தாராளமாக முடியும். 25 வரிக்குள் அடங்குகிற வேலை. குறியீட்டை ஒட்டிவிட்டால் அப்படியே எடுத்துப் போட்டுவிடுவீர்கள், அப்புறம் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் போகும். அதனால் வார்த்தையில் சொல்கிறேன், எழுதிப் பாருங்கள்.

ஒவ்வொரு குறிப்பும் ஒரு ஆர்ட்டிகிள் உறுப்பாக இருக்கட்டும். அதில் டேட்டா-டேக்ஸ் என்று ஒரு ஆட்ரிபியூட் வைத்து, டேக்குகளைக் கமா போட்டு எழுதுங்கள். இடைவெளியால் பிரிக்காதீர்கள். "இரவுப் பறவை" என்று இரண்டு சொல்லில் ஒரு டேக் வந்தால் அது இரண்டாக உடைந்துவிடும்.

பக்கம் ஏறியதும் ஒரே ஒரு தடவை எல்லா ஆர்ட்டிகிளையும் எடுத்து, கமாவில் பிரித்து, முன்பின் உள்ள வெற்றிடத்தை வெட்டி, ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு செட் (ஒரு சொல் ஒரே தடவை மட்டும் இருக்கும் தொகுப்பு) செய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிளிக்குக்குக் கிளிக் ஆட்ரிபியூட்டைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. பட்டன்களையும் இதே சமயத்தில் ஸ்கிரிப்டே உண்டாக்கட்டும். புது டேக் எழுதினால் பட்டன் தானாக வந்துவிடும். ஸ்கிரிப்ட் ஏறாத இடத்தில், அழுத்தினாலும் அசையாத பட்டன்கள் தெரியாது. வாசகர் முழுப் பக்கத்தையும் வழக்கம்போல் படித்துப் போவார். இந்த இரண்டாவது பலன் எனக்கு மிக முக்கியம்.

பட்டன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கிளிக் கவனிப்பான் வைக்காதீர்கள். பட்டன்களைச் சுற்றியுள்ள பெட்டிக்கு ஒன்று போதும். கிளிக் எந்தப் பட்டனுக்குள் விழுந்தது என்று குளோசெஸ்ட் சொல்லிவிடும். தேர்ந்தெடுத்த டேக்குகளுக்கு இன்னொரு செட். அழுத்திய டேக் அதில் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் போடுங்கள். பிறகு 412 குறிப்பையும் ஒரு சுற்று சுற்றி, "தேர்ந்தெடுத்தது எல்லாம் இதில் உண்டா?" என்று, தேர்வு செட்டைப் பட்டியலாக்கி, எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்கும் எவ்ரி கொண்டு கேளுங்கள். இல்லை என்றால் அந்தக் குறிப்பின் ஹிடனை ட்ரூ ஆக்குங்கள், உண்டு என்றால் ஃபால்ஸ்.

எவ்ரியில் ஒரு அழகு உண்டு. வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால் அது உண்மை என்றே பதில் சொல்லும். அதாவது எந்த டேக்கும் தேர்ந்தெடுக்காத நிலையில் எல்லாக் குறிப்பும் தானாகத் தெரியும், தனி நிபந்தனை எழுத வேண்டாம். ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்க்கும் சம் இதற்கு நேர் எதிர். வெற்றுப் பட்டியலுக்குப் பொய் என்று சொல்லி மொத்தப் பக்கத்தையும் காலியாக்கிவிடும்.

எச்டிஎம்எல்லின் ஸ்கிரிப்ட் டேகில், பக்கம் முழுவதும் படித்த பிறகே ஓடு என்று சொல்லும் டிஃபர் போட மறக்காதீர்கள். ஹெட் பகுதியில் வெறுமனே வைத்தால், ஆர்ட்டிகிள்கள் பிறப்பதற்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடிவிடும். தேடினால் வெற்றுப் பட்டியல் கிடைக்கும். பிழைச் செய்தி ஒன்றும் வராது, பக்கம் சும்மா நிற்கும். புதிதாக எழுதுகிறவர்கள் அரை நாள் தொலைப்பது இங்கேதான்.

#3 · அடுக்குத்தாள்

ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லாமலும் இது நடக்கும். சிஎஸ்எஸ்ஸில் ஹேஸ் என்கிற தேர்வி இப்போது எல்லா முக்கிய உலாவியிலும் இருக்கிறது. சஃபாரி, குரோம் இரண்டும் 2022இல் கொண்டுவந்தன. ஃபயர்ஃபாக்ஸ் 121ஆம் பதிப்பில், 2023 டிசம்பரில் வந்து சேர்ந்தது.

டேக்குக்கு ஒரு செக்பாக்ஸ். "நீர்நிலை செக்பாக்ஸ் டிக் ஆகியிருக்கும் பக்கத்தில், நீர்நிலை டேக் இல்லாத ஆர்ட்டிகிள்களை மறை" என்று ஒரு விதி. வலசைக்கு அதேபோல் இன்னொன்று. இரண்டையும் டிக் செய்தால் இரண்டு விதியும் சேர்ந்து வேலை செய்யும், இரண்டு டேக்கும் உள்ளவை மட்டும் மிஞ்சும். நீங்கள் கேட்டது அதுதானே?

இதற்கு மட்டும் டேக்குகளை இடைவெளியால்தான் பிரிக்க வேண்டும். முழுச் சொல்லாகப் பொருத்தும் அலைக்குறி தேர்விக்குக் கமா புரியாது. இரண்டு சொல் டேக்கை ஹைபன் போட்டு ஒட்டிவிடலாம்.

#4 · சாதாநிரல்

அழகான வழிதான், மறுக்கவில்லை. பத்து டேக் வரைக்கும் நானும் அதையே செய்வேன். ஆனால் டேக்குக்கு ஒரு விதி கையால் எழுத வேண்டும். குறிப்பு எழுதுகிறவர் புது டேக் ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் சிஎஸ்எஸ் கோப்பையும் திறக்க வேண்டும் என்றால், ஒருநாள் மறந்துவிடுவார். தேர்வை முகவரியில் எழுதி வைக்கவும் அதனால் முடியாது.

#5 · தூக்கணாங்குருவி

இரண்டு பேருக்கும் நன்றி. என் டேக்குகள் அடிக்கடி கூடும் என்பதால் சாதாநிரல் சொன்ன வழியில் எழுதிவிட்டேன். 23 வரி வந்தது. ஆனால் ஒன்றும் மறையவில்லை. டெவலப்பர் டூலைத் திறந்து பார்த்தால் ஆர்ட்டிகிளில் ஹிடன் என்ற ஆட்ரிபியூட் ஏறியிருக்கிறது, கண்ணுக்கு நேராகக் குறிப்பும் அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு?

#6 · அடுக்குத்தாள்

ஆர்ட்டிகிளுக்கு டிஸ்ப்ளே கிரிட் அல்லது ஃப்ளெக்ஸ் கொடுத்திருப்பீர்கள். ஹிடன் என்பது உலாவியின் சொந்த ஸ்டைலில் "டிஸ்ப்ளே நன்" என்று எழுதியிருப்பதுதான். நீங்கள் எழுதும் எந்த டிஸ்ப்ளேயும் அதை வென்றுவிடும். ஹிடன் ஆட்ரிபியூட் உள்ள எதற்கும் டிஸ்ப்ளே நன் என்று உங்கள் கோப்பில் ஒரு வரி எழுதி, பக்கத்தில் இம்பார்ட்டன்ட் போடுங்கள். இம்பார்ட்டன்டைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று சொல்கிறவன் நான். இந்த ஒரு இடத்தில் அது நியாயமானது.

#7 · தூக்கணாங்குருவி

கிரிட்தான் கொடுத்திருந்தேன். சரியாகிவிட்டது, நன்றி!

இப்போது வேறு இரண்டு சிக்கல். "மீன்" பட்டனை அழுத்தினால் மீன்கொத்தி குறிப்புகள் எல்லாம் வந்து நிற்கின்றன. அவற்றில் சில, மீன்கொத்தி மண்கரையில் வளை குடைந்ததைப் பற்றியவை. மீன் டேக்கே அவற்றில் இல்லை.

இரண்டாவது இன்னும் விசித்திரம். கொக்கைப் பற்றி 31 குறிப்பு எழுதியிருக்கிறேன், எண்ணிப் பார்த்தேன். "கொக்கு"வை அழுத்தினால் 19தான் வருகிறது. மீதி 12இலும் கொக்கு என்றுதான் எழுதியிருக்கிறது, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. பட்டன் வரிசையிலோ "கொக்கு" இரண்டு தடவை இருக்கிறது. முதல் பட்டன் 19 காட்டுகிறது, இரண்டாவது 12.

#8 · சாதாநிரல்

முதல் சிக்கலுக்குக் காரணம் சொல்லிவிடலாம். டேக் சரத்தை (ஆட்ரிபியூட்டில் கமா போட்டு எழுதிய எழுத்துத் தொடரை) பட்டனுக்காகப் பிரித்திருக்கிறீர்கள், ஒப்பிடும் இடத்தில் பிரிக்காத முழுச் சரத்தையே வைத்து இன்க்ளூட்ஸ் கேட்டிருக்கிறீர்கள். சரத்தில் கேட்டால் "மீன்கொத்தி"க்குள் "மீன்" இருக்கிறது, ஆமாம் என்றுதான் சொல்லும். பட்டியலிலோ செட்டிலோ கேட்டால் முழு டேக்காக இருந்தால்தான் ஆமாம் என்னும்.

இரண்டாவது எனக்கும் புரியவில்லை. புள்ளிக்குறி இந்தப் பக்கம் வந்தால் சொல்லுவார்.

#9 · புள்ளிக்குறி

வந்துவிட்டேன். தமிழில் டேக் வைத்து வடிகட்டும் எல்லோரும் ஒருநாள் இதில் விழுவார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கொ என்ற எழுத்தைக் கையால் எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். கணினிக்குள் இதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, க அடுத்து ஒகரக் குறி. ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனியாக ஒரே எண் இருக்கிறது. இன்னொன்று, க அடுத்து ஒற்றைக்கொம்பு, அடுத்து கால் என்று இரண்டு எண்கள். திரையில் இரண்டும் ஒரே மாதிரி விழும், எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டோ எண்களைத்தான் ஒப்பிடும். அதற்கு இரண்டும் வேறு வேறு சொல்.

சோதித்துப் பாருங்கள். டெவலப்பர் டூலில் உள்ள கன்சோலைத் திறந்து இரண்டு பட்டனின் எழுத்துக்கும் லெங்த் கேளுங்கள். ஒன்றுக்கு 6 வரும்: க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. மற்றதற்கு 7 வரும். ஓகாரம் வரும் எழுத்துகளிலும் இதே கதைதான். கோ, மோ, போ எல்லாமே இரண்டு விதமாகப் பிறக்கலாம்.

பெரும்பாலும் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இந்த இரண்டு துண்டு வடிவம் வரும். உங்கள் 12 குறிப்பும் ஒரே காலத்தவையா என்று பாருங்கள்.

மருந்து எளிது. டேக்கைப் பிரித்து வெற்றிடத்தை வெட்டும் அதே இடத்தில் நார்மலைஸ் என்று ஒரு அழைப்பைச் சேருங்கள். அடைப்பில் ஒன்றும் கொடுக்காவிட்டால் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்குத்தான் மாற்றும், நமக்கு வேண்டியதும் அதுவே. 2015ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் தரத்திலேயே வந்துவிட்டது. எதையும் இறக்கிச் சேர்க்க வேண்டாம்.

ஆனால் நார்மலைஸ் தீர்க்காத ஒன்று இருக்கிறது. உங்களிடம் கௌதாரி பற்றிய குறிப்பு உண்டா? இருந்தால் "கௌ" எப்படி அடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒற்றைக்கொம்பு, க, அடுத்து ளகர எழுத்தையே தட்டி "கெள" என்று அடித்திருப்பவர்கள் ஏராளம். அது வேறு வடிவம்கூட இல்லை, எழுத்துப்பிழை. கெ என்ற எழுத்தும் ள என்ற எழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன. எந்த நார்மலைசும் அதைத் தொடாது. கண்ணால் தேடித்தான் திருத்த வேண்டும்.

#10 · தூக்கணாங்குருவி

6, 7 என்றே வந்தது! அந்த 12 குறிப்பும் நான் முதன்முதலில் எழுதி, பிறகு ஒரு மாற்றி வைத்து யூனிகோடு ஆக்கிய கோப்பிலிருந்து வந்தவை. ஒரே ஒரு நார்மலைஸ் சேர்த்ததும் 31 குறிப்பும் ஒரே பட்டனுக்குக் கீழ் வந்துவிட்டன. இத்தனை நாள் தேடலிலும் இந்தப் 12ம் தவறிப்போயிருக்கும் என்று நினைக்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

கௌதாரியும் நீங்கள் சொன்னபடியே. நான்கு குறிப்பில் சரி, மூன்றில் "கெளதாரி". கண் அதைப் பிழையாகவே பார்க்கவில்லை, ஐயா.

#11 · நெடுவழி

ஒரு யோசனை. எல்லா டேக்கையும், ஒவ்வொன்றும் எத்தனை குறிப்பில் வருகிறது என்பதையும் கன்சோலில் ஒரு பட்டியலாகப் போட்டுப் பாருங்கள், ஐந்து வரி வேலை. ஒன்று அல்லது இரண்டு குறிப்பில் மட்டும் வரும் டேக்குகள்தான் சந்தேகத்துக்குரியவை. பாதி எழுத்துப்பிழையாக இருக்கும். மீதி "நீர்நிலை", "நீர்நிலைகள்" மாதிரி ஒருமை பன்மைத் தகராறாக இருக்கும். பல தளங்களுக்கு இந்த ஃபில்டர் வேலை செய்து கொடுத்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், டேக்கைச் சுத்தம் செய்யத்தான் இரண்டு மூன்று நாள் போகும்.

இன்னொன்று. எல்லா டேக்குக்கும் "இதுவும் அதுவும்" என்ற தர்க்கம் பொருந்தாது. நீர்நிலை, புல்வெளி, காடு மூன்றும் இடத்தைச் சொல்வன. ஒரு குறிப்பு பெரும்பாலும் ஒரே இடத்தைப் பற்றியது. "நீர்நிலை"யும் "காடு"ம் சேர்த்து அழுத்துகிறவர் இரண்டில் எங்கே பார்த்ததாக இருந்தாலும் காட்டு என்றுதான் கேட்கிறார். உங்கள் எவ்ரி அவருக்கு வெறும் பக்கத்தைக் காட்டும். டேக்குகளை இடம், நடத்தை, உணவு, இனம் என்று குழுவாக்கி, ஒரே குழுவுக்குள் "இது அல்லது அது", குழுக்களுக்கு இடையே "இதுவும் அதுவும்" என்று வையுங்கள். குழுவுக்குள் சம், வெளியே எவ்ரி. தேர்வே இல்லாத குழுவை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சாதாநிரல் சொன்ன அந்த வெற்றுச் சம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

#12 · சாதாநிரல்

பெரிய தளத்துக்கு நீங்கள் சொல்வது சரி. இந்தப் பக்கத்துக்கு எனக்குச் சம்மதமில்லை. "வலசை", "கூட்டம்" இரண்டும் நடத்தைக் குழுவில்தான் வரும். வலசை வந்த கூட்டத்தைத் தேடுகிறவருக்கு, தனித்து வந்த வலசைப் பறவையும் ஊர்க்குருவிக் கூட்டமும் கலந்து கிடைத்தால் என்ன பயன்? குழு வைத்தாலும் எந்தக் குழுவுக்கு எந்தத் தர்க்கம் என்று எழுதினவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதைவிட எளிய வழி: ஒவ்வொரு பட்டனிலும் எண்ணிக்கை காட்டுங்கள். "நீர்நிலை" அழுத்தியதும் மற்றப் பட்டன்களின் எண்கள் மாறட்டும், "காடு 0" என்று ஆகும்போது அந்தப் பட்டன் மங்கட்டும். வெறும் பக்கத்துக்குப் போகும் பாதை கண்ணுக்கு முன்னாலேயே அடைபட்டிருக்கும். மிஞ்சிய குறிப்புகளின் டேக்கை எண்ணினால் போதும், 412 குறிப்புக்கு இது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

#13 · நெடுவழி

வலசை, கூட்டம் உதாரணம் சரி, ஒப்புக்கொள்கிறேன். இடத்துக்கு மட்டும் "அல்லது" வைத்தால் போதும் என்று மாற்றிச் சொல்கிறேன். எண்ணிக்கை காட்டுவது கட்டாயம் செய்ய வேண்டியது. ஆனால் அப்போது இடப் பட்டன்களின் எண்ணை வேறு மாதிரி கணக்கிட வேண்டும். தன் குழுவின் தேர்வை ஒதுக்கிவிட்டு எண்ணாவிட்டால், "நீர்நிலை" அழுத்தினதும் "காடு" பூஜ்யமாகி, யாரும் "அல்லது"க்குப் போகவே முடியாது.

பிளகின் பற்றியும் ஒரு வார்த்தை. ஐசோடோப் மாதிரி நூலகங்கள் வீணானவை இல்லை. வெவ்வேறு உயரக் கட்டங்களை இடுக்கு விடாமல் அடுக்கி, அசைவோடு மாற்ற வேண்டுமென்றால் அதைக் கையால் எழுதுவது பெரிய பாடு. வணிகத் தளத்தில் போடுகிறவர்கள் அதன் உரிமத்தைப் படித்துவிட்டுப் போடவும்: ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, அல்லது விலை கொடுத்து வணிக உரிமம். தூக்கணாங்குருவிக்கு அந்த அசைவே வேண்டாம், அதனால் அந்தப் பேச்சே இல்லை.

#14 · கேட்டுப்படிப்பவன்

இழை முழுவதும் கேட்டேன். நான் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிக்கிறவன். டேக் ஃபில்டர் உள்ள பக்கங்கள் எனக்கு எப்படிக் கேட்கும் என்று சொல்கிறேன், இதை எழுதுகிறவர்கள் ஒருமுறை கேட்டால் போதும்.

ஒரு பக்கத்தில் "நீர்நிலை" என்று கேட்கிறது. பட்டனா, வெறும் எழுத்தா, தெரியாது. டிவ் உறுப்புக்குக் கிளிக் மாட்டி வைத்திருப்பார்கள். டேப் விசை அதில் நிற்கவே நிற்காது. இன்னொரு பக்கத்தில் அது பட்டன்தான், அழுத்துகிறேன். மௌனம். ஏதாவது நடந்ததா? மறுபடி அழுத்துகிறேன். அப்படியென்றால் முதலில் போட்ட தேர்வை நானே எடுத்துவிட்டேன். மூன்றாவது வகைப் பக்கம் குறிப்புகளை ஒபாசிட்டி பூஜ்யமாக்கி மறைக்கும். உங்கள் கண்ணுக்கு அவை இல்லை, எனக்கு 412ம் இருக்கின்றன, வரிசையாகப் படித்துக்கொண்டே போகும்.

நீங்கள் ஹிடன் போட்டிருப்பதால் மூன்றாவது தொல்லை இல்லை, ஹிடன் எனக்கும் மறைக்கும். மீதிக்கு இவ்வளவு செய்யுங்கள். உண்மையான பட்டன் உறுப்பே வையுங்கள். தேர்வு மாறும்போது ஏரியா-ப்ரெஸ்ட் என்ற ஆட்ரிபியூட்டை ட்ரூ, ஃபால்ஸ் என்று மாற்றுங்கள். "நீர்நிலை, பட்டன், அழுத்தப்பட்டது" என்று எனக்குக் கேட்கும். அழுத்திய பட்டனுக்கு நிறம் கொடுக்கவும் சிஎஸ்எஸ்ஸில் அதே ஆட்ரிபியூட்டைப் பிடித்துக்கொள்ளலாம், தனியாகக் கிளாஸ் வேண்டாம். பட்டன்களுக்குக் கீழே ரோல் ஸ்டேட்டஸ் கொடுத்து ஒரு வரி வையுங்கள். அழுத்தியதும் அதில் "64 குறிப்புகள்" என்று எழுத்து மாறினால் போதும், நான் இருந்த இடத்திலிருந்தே அதைக் கேட்டுவிடுவேன். அந்த வரி ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் இருக்க வேண்டும். கிளிக்குக்குப் பிறகு புதிதாக உண்டாக்கினால் பல நேரம் வாசிக்காமல் போகும்.

எண்ணிக்கை மாற்றுவதற்காகப் பட்டன்களை ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்காதீர்கள். நான் நிற்கிற பட்டன் அழிந்தால் பக்கத்தின் தலைக்குத் தூக்கி எறியப்படுவேன். எண்ணை மட்டும் மாற்றுங்கள். பூஜ்யப் பட்டனையும் டிசேபிள் செய்யாமல் மங்க மட்டும் வையுங்கள். ஏன் அந்த டேக் காணாமல் போனது என்று நான் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

#15 · தூக்கணாங்குருவி

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எண்ணிக்கை மாற்றப் பட்டன்களை அழித்து எழுதும்படிதான் செய்து வைத்திருந்தேன். இன்றே மாற்றுகிறேன். நன்றி அண்ணா.

#16 · புதுவரவு7

நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். வடிகட்டிய நிலையில் நண்பருக்கு லிங்க் அனுப்ப முடியுமா? இன்னொரு சந்தேகம், 412ம் முதலிலேயே இறங்கிவிடுகிறதே, பக்கம் கனக்காதா?

#17 · சாதாநிரல்

லிங்க்: முடியும். தேர்வு மாறும்போதெல்லாம் யுஆர்எல் சர்ச் பேரம்ஸ் வைத்து முகவரியில் டேக்குகளை எழுதுங்கள், ஹிஸ்டரியின் ரீப்ளேஸ் ஸ்டேட் கொண்டு முகவரியை மாற்றுங்கள். பக்கம் மறுபடி ஏறாது. ஏறும்போது முதல் வேலையாக முகவரியைப் படித்துத் தேர்வு செட்டை நிரப்பிவிட்டு, அதே வடிகட்டும் ஃபங்ஷனை ஒருமுறை கூப்பிடுங்கள். முகவரியிலிருந்து வரும் டேக்கையும் நார்மலைஸ் செய்ய வேண்டும். உங்கள் பட்டியலில் இல்லாத டேக்காக இருந்தால் தூக்கிப்போடுங்கள்.

ரீப்ளேஸ் ஸ்டேட்டுக்குப் பதில் புஷ் ஸ்டேட் வைத்தால் பின் பட்டனை அழுத்த அழுத்த ஒவ்வொரு தேர்வாகக் கழன்று வரும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிக்காது, ஆறு டேக் அழுத்திப் பார்த்தவர் முந்தைய பக்கத்துக்குப் போக ஏழு தடவை தட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுக்காதீர்கள். முகவரியில் வந்த சொல்லை "இந்த டேக்கில் வடிகட்டியது" என்று திரையில் காட்டும்போது இன்னர் எச்டிஎம்எல் பயன்படுத்தவே கூடாது. முகவரியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதி லிங்க் அனுப்பலாம், அது உங்கள் பக்கத்தில் ஸ்கிரிப்டாக ஓடிவிடும். டெக்ஸ்ட் கன்டென்ட் மட்டும்.

#18 · புள்ளிக்குறி

முகவரியில் தமிழ் டேக் போனால் நீளத்தையும் யோசியுங்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட். முகவரியில் ஒரு பைட் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகும். "நீர்ப்பறவை"யில் 10 குறிகள், ஆக 90 எழுத்து. முகவரிப் பட்டையில் பல உலாவிகள் தமிழாகவே காட்டும், நகலெடுத்து ஒட்டினால்தான் அந்தச் சதவீத வால் தெரியும். டேக்குக்கு ஒரு சிறிய எண் கொடுத்து முகவரியில் எண்ணை மட்டும் எழுதலாம். ஆனால் எண்ணைப் பார்த்தால் லிங்க் எதைப் பற்றியது என்று யாருக்கும் புரியாது. எனக்கு நீண்ட முகவரியே மேல்.

பட்டன்களை அகரவரிசையில் அடுக்குகிறீர்கள் என்றால் ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான வெறும் சார்ட் போதாது. அது யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அங்கே ன என்பது ந முடிந்ததும் ப தொடங்குவதற்கு முன் உட்கார்ந்திருக்கிறது, ற என்பது ரவுக்கு அடுத்து. லோக்கேல் கம்பேரில் தமிழ் என்று குறிப்பிட்டு ஒப்பிடுங்கள், அகராதி வரிசை கிடைக்கும்.

#19 · நெடுவழி

கனம் பற்றி: ஆமாம், வடிகட்டுவது மறைக்கிற வேலைதான், இறங்குவதைக் குறைக்காது. ஆனால் 412 குறிப்பின் எழுத்து, சுருக்கி அனுப்பும்போது ஒரு நல்ல புகைப்படத்தின் அளவைத் தாண்டாது. கனப்பது படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் லோடிங் லேசி போட்டு, அகல உயரத்தையும் எழுதிவிடுங்கள். மறைந்திருக்கும் குறிப்பின் படம், அது வெளியே வந்து திரைக்கு அருகில் வரும்வரை இறங்காது. சில ஆயிரம் குறிப்பு ஆகும்போது இந்த வழியை விட்டுப் பக்கங்களாகப் பிரிப்பது பற்றி யோசிக்கலாம்.

#20 · தூக்கணாங்குருவி

மூன்று நாள் உட்கார்ந்து முடித்துவிட்டேன், நிலவரம் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கிரிப்ட் 41 வரி. இடக் குழுவுக்கு "அல்லது", மற்றதெல்லாம் "இதுவும் அதுவும்". முகவரிக்கு ரீப்ளேஸ் ஸ்டேட். ஜேக்வெரியும் பிளகினும் போய்விட்டன, பழைய போனில் விரல் எடுப்பதற்குள் பட்டியல் மாறுகிறது.

டேக் பட்டியலைக் கன்சோலில் போட்டபோது 58 வந்தது. திருத்தி முடித்தபோது 34. "கூடு"ம் "கூடு கட்டுதல்"உம் இரண்டு வருடமாகத் தனித்தனியே வாழ்ந்திருக்கின்றன. "புல்வெளி"க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு குறி ஒட்டிக்கொண்டு ஒரு குறிப்பைத் தனியாக வைத்திருந்தது. வெற்றிடம் வெட்டியும் போகவில்லை, லெங்த் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

கேட்டுப்படிப்பவன் அண்ணா, நேரம் கிடைக்கும்போது ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள். எண்ணிக்கை வரி தேர்வை எடுக்கும்போதும் வாசிக்கிறதா என்று எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும்.

#21 · கேட்டுப்படிப்பவன்

கேட்டேன். எடுக்கும்போதும் வாசிக்கிறது. "ஆந்தை, இரவு" இரண்டையும் அழுத்தினேன், "17 குறிப்புகள்" என்றது, இறங்கிப் போனேன், பதினேழும் வரிசையாக வந்தன. மூன்றாவது குறிப்பில் ஆந்தைக் குஞ்சு அலறுவதை எழுத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதை இரண்டு தடவை கேட்டேன்.

ஒன்றே ஒன்று: "எல்லாத் தேர்வையும் நீக்கு" என்று ஒரு பட்டன் வேண்டும். இப்போது ஒவ்வொன்றாகத் தேடிப்போய் எடுக்க வேண்டியிருக்கிறது.

#22 · தூக்கணாங்குருவி

சேர்த்துவிட்டேன். செட்டைக் காலி செய்து அதே ஃபங்ஷனைக் கூப்பிடுவதுதான், இரண்டு வரி. தேர்வு ஒன்றாவது இருக்கும்போது மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறேன். அதை அழுத்தியதும் அதுவே மறைந்துவிடும் என்பதால், முன்பு சொன்ன மாதிரி நீங்கள் பக்கத்தின் தலைக்குப் போய்விடக்கூடாதே என்று, மறைவதற்கு முன் ஃபோகஸை முதல் டேக் பட்டனுக்கு நகர்த்தியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

#23 · கேட்டுப்படிப்பவன்

சரியாக இருக்கிறது. "412 குறிப்புகள்" என்று சொல்லிவிட்டு முதல் டேக்கில் நிற்கிறது.